கத்தினால் சண்டையா?

"காலை 7.10. தண்ணீர் லாரி அருகே இரண்டு பெண்கள் ஆக்ரோஷமாகச் சண்டை போட்டனர். சுற்றி இருந்தவர்கள் தடுக்கவில்லை."

ஒரு மாணவியின் நோட்டில் இருந்த வரிகள் இவை. முதுகலை உளவியல், முதலாம் ஆண்டு. உற்றுநோக்கல் பயிற்சிக்கென்று ஒரு சின்னக் குழுவை என்னிடம் விட்டிருந்தார்கள். வடசென்னையில், பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் தெரு முனைக்கே கூட்டிப் போயிருந்தேன். அந்த மாணவி இதை எழுதிக்கொண்டிருந்த நேரத்தில் நான் லாரிக்குப் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். அந்த இரண்டு பேரும் பேசியது இது:

"ஆஸ்பத்திரிக்குப் போவணும்னு சொன்னல்ல? நீ மொதல்ல புடிச்சினு போ!"

"அட போக்கா, உன் கொடம்தான முன்னால கீது. நீ புடி!"

"சொல்றேன்ல, புடிடீ! அங்க போய் சீட்டு போட்டு ஒக்காந்தா பத்து மணி ஆயிடும் உனக்கு!"

குரல் தெருக்கோடிவரை கேட்டது. மூத்தவர் கையை ஓங்கி ஓங்கிப் பேசினார். கடைசியில் இளையவளின் பச்சைக் குடத்தைப் பிடுங்கி, தன் குடத்தைக் காலால் நகர்த்திவிட்டு, அந்த இடத்தில் வைத்தார். முப்பது அடி தள்ளி நின்றால், லாரி இன்ஜின் சத்தத்தில் பேச்சு புரியாது. கண்ணுக்குக் கிடைப்பது ஓங்கிய கையும் பிடுங்கிய குடமும்தான்.

அந்த மாணவி பொய் எழுதவில்லை. "பார்த்ததைத்தான் எழுதினேன் மேடம்" என்றார், துளி சந்தேகம் இல்லாமல். ஆனால் அந்த வரிகளில் பார்த்தது என்று சொல்லத்தக்கவை நேரமும் லாரியும் இரண்டு பெண்களும்தான். 'ஆக்ரோஷம்' ஒரு தீர்ப்பு. 'சண்டை' இன்னொரு தீர்ப்பு. 'தடுக்கவில்லை' என்பது இரண்டையும்விட மோசம், ஏனென்றால் அது நடந்த செயலே இல்லை. தடுக்கவேண்டிய ஏதோ நடந்துவிட்டது என்று முதலில் முடிவுகட்டிவிட்டு, பிறகு அதைச் செய்யாத குற்றத்தைச் சும்மா நின்றவர்கள் தலையில் ஏற்றுகிற வாக்கியம் அது.

என் பிழைப்பே இந்த மாதிரி வாக்கியங்களோடுதான். ஆய்வுத் திட்டங்களில் குறியீட்டாளராக வேலை பார்க்கிறேன். ஒரு அம்மாவும் குழந்தையும் விளையாடுகிற வீடியோவைப் பத்துப் பத்து நொடியாக ஓட்டி, குழந்தை யார் முகத்தைப் பார்த்தது, அம்மா எத்தனை நொடி கழித்துப் பதில் கொடுத்தார் என்று கட்டம் கட்டமாக நிரப்புகிற வேலை. எங்கள் வீட்டில் கேட்டால் "வீடியோ பாக்கறதுக்குக் காசு குடுக்கறாங்க" என்பார்கள். மறுத்துப் பேச ஒன்றுமில்லை.

மாணவர்களுக்கு நான் முதலில் கொடுப்பது நடுவில் கோடு போட்ட ஒரு பக்கம். கேமரா பார்க்கக்கூடியது இடப்பக்கம். நமக்குத் தோன்றியது வலப்பக்கம். கேட்கும்போது ரொம்பச் சாதாரணமாக இருக்கும். காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் விடியற்காலை ஏலத்தில் நிறுத்திவிட்டால்தான் கஷ்டம் தெரியும். என் பெரியம்மா அங்கே சரக்கெடுத்து மார்க்கெட்டில் விற்பவர். அவரை வைத்து நான் நிரப்பிய இடப்பக்கத்தில் ஒரு துண்டு:

இடது கை கூடை விளிம்பில். வலது கட்டைவிரலால் மேலே கிடந்த வஞ்சிரத்தின் செவுளைத் தூக்கினார். வயிற்றை அழுத்தினார். அடியில் கையை விட்டு ஒரு மீனை மேலே இழுத்து, அதன் செவுளையும் தூக்கினார். கையை முந்தானையில் துடைத்தார். இரண்டு எட்டு நடந்தார். திரும்பாமலே ஒரு விலை சொன்னார்.

வலப்பக்கத்தில் ஒரே வரி: வேண்டாம் என்று பாவனை.

பிறகு கேட்டேன், ஏன் திரும்பிப் பார்க்கவில்லை என்று. "மூஞ்சப் பாத்தான்னா வெல ஏத்திருவான்டீ. ஆசை மூஞ்சில எழுதியிருக்கும்ல." என் ஊகம் இந்தத் தடவை பொருந்தியது. அதற்காக வலப்பக்கத்தை இடப்பக்கத்துக்கு மாற்றிவிட முடியாது. அடியில் கையை விட்டு ஒரு மீனை இழுத்துப் பார்த்தது ஏன் என்று கேட்டதற்கு, "எப்ப இழுத்தேன்?" என்றார். தினமும் செய்கிறார், செய்வதே தெரியாது.

ஆளைக் கேட்டாலே போதுமே, எதற்காக நின்று பார்க்கவேண்டும் என்பவர்களுக்கு இதுதான் பதில். ரிச்சர்ட் நிஸ்பெட்டும் திமோதி வில்சனும் 1977-இல் வெளியிட்ட கட்டுரையில் ஒரு சோதனை வரும். கடையில் நான்கு ஜோடி நைலான் காலுறைகளை வரிசையாக வைத்து, எது தரமானது என்று வந்தவர்களைக் கேட்டார்கள். நான்கும் ஒரே சரக்கு. வலது ஓரத்தில் இருந்ததைத் தேர்ந்தெடுத்தவர்கள்தான் மிக அதிகம். காரணம் கேட்டால் நெசவு, மெல்லிசு என்று ஏதேதோ சொன்னார்கள். இருந்த இடம் காரணம் என்று ஒருவரும் சொல்லவில்லை. எம்.சி. ரோட்டில் தீபாவளி நேரத்தில் புடவைக்கடை வாசலில் நின்று பாருங்கள், மேலே கிடப்பதைப் பிரிப்பவர்கள் எத்தனை பேர், அடியில் கிடப்பதை இழுப்பவர்கள் எத்தனை பேர் என்று. அவர்களைக் கேட்டால் கலர் பிடித்தது என்பார்கள்.

சரி, சண்டைக்கு வருகிறேன்.

பயிற்சிப் படிவத்தில் 'சண்டை' என்று ஒரு கட்டம் போட்டால், எதையெல்லாம் அந்தக் கட்டத்தில் சேர்ப்பது என்று களத்துக்குப் போகும் முன்பே எழுதிவைக்க வேண்டும். செயல்முறை வரையறை என்று பாடத்தில் இரண்டு மதிப்பெண் கேள்வியாக வருவது இதுதான். நாங்கள் உட்கார்ந்து எழுதினோம். உரத்த குரல்? அதைச் சேர்த்தால் எங்கள் தெருவில் காலை எட்டு மணிக்குள் தாள் தீர்ந்துவிடும். கெட்ட வார்த்தை? கேரம் போர்டைச் சுற்றி நிற்கும் நண்பர்கள் ஒருவரை ஒருவர் வாழ்த்துவதே அதில்தான். கை ஓங்குவது? மேலே சொன்ன அக்கா மாட்டிக்கொள்வார். தட்டித் தட்டிக் கடைசியில் தேறியவை: ஒருவர் உடல் மேல் இன்னொருவர் கை பட்டு, பட்டவர் விலகுவது அல்லது திருப்பித் தள்ளுவது, ஒருவர் பொருளை எடுத்ததும் உடையவர் திரும்பப் பிடுங்குவது, மூன்றாவது ஆள் இரண்டு பேருக்கும் நடுவில் உடம்பை நுழைப்பது. மூன்றாவதைச் சொன்னவர் அதே மாணவிதான். அருமையான அடையாளம். ஊருக்குள் எது உண்மையான சண்டை என்று ஊர்க்காரர்களுக்குத் தெரியும். அவர்கள் உடம்பை நுழைக்கும்போது நாம் கட்டத்தில் கோடு போட்டால் போதும். "தடுக்கவில்லை" என்று எழுதிய கை, தடுப்பதையே அளவுகோலாக மாற்றிக்கொண்டதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

குரலைத் தனியாக எழுதச் சொன்னேன், சத்தத்தோடு சேர்த்து. போனில் சத்தத்தை அளக்கும் ஆப் இருக்கிறது. துல்லியம் சுமார்தான், ஆனால் கூடுதலா குறைவா என்று சொல்லும். எத்தியேன் லொம்பார் என்ற பிரெஞ்சு காது மூக்கு தொண்டை மருத்துவர் 1911-இல் எழுதிவைத்தார்: சுற்றுச் சத்தம் ஏறினால் மனிதர் குரல் தானாக ஏறும், தாம் குரலை உயர்த்துவதே பேசுபவருக்குத் தெரியாது. பறவைகளுக்கும் இது உண்டு என்று பின்னால் கண்டார்கள். எங்கள் பக்கம் டி.எச். ரோட்டில் பஸ், துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரி, கொருக்குப்பேட்டை பக்கம் கூட்ஸ் ரயில், கடற்கரைப் பக்கம் விசைப்படகு இன்ஜின். பொழுதுக்கும் இதற்குள் பேசிப் பழகிய தொண்டை, சத்தமில்லாத ஏசி ஹாலில் போய் உட்கார்ந்தாலும் சட்டென்று இறங்காது. கல்யாண மண்டபத்தில் எங்கள் சொந்தக்காரர்களைத் திரும்பிப் பார்ப்பார்கள். திரும்பிப் பார்ப்பவர் எந்த ரோட்டின் மேல் குடியிருக்கிறார் என்று எனக்கு உடனே கேட்கத் தோன்றும்.

எப்போது, யாரைப் பார்ப்பது என்பது அடுத்த தலைவலி. கண்ணுக்குப் பட்டதையெல்லாம் எழுதிக்கொண்டே போனால், ஆர்ப்பாட்டம் செய்கிறவர்தான் நோட்டு முழுக்க இருப்பார். ஓரத்தில் குந்தியிருப்பவர் இருக்கவே மாட்டார். ஆப்பிரிக்காவில் பபூன் குரங்குகளைப் பின்தொடர்ந்த ஜீன் ஆல்ட்மன் 1974-இல் இதை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து ஒரு கட்டுரை எழுதினார். ஒரு குறிப்பிட்ட ஆளை மட்டும் குறித்த நேரம் விடாமல் பார்ப்பது. இத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை எல்லோர் மேலும் கண்ணை ஓட்டி, அந்த நொடியில் யார் என்ன செய்கிறார் என்று மட்டும் குறிப்பது. ஒரு குறிப்பிட்ட செயல் நடக்கும்போதெல்லாம் பதிவது. இன்றைக்கும் மனிதரைப் பார்ப்பவர்கள் கையில் வைத்திருப்பது குரங்கு பார்த்தவரின் கட்டுரைதான்.

கேட் மூடியிருக்கும்போது தண்டவாளத்தைக் குனிந்து கடப்பவர்களை எண்ண மூன்றாவது முறை போதும். அங்கே ஒன்றே ஒன்று சொல்வேன்: கடந்தவர்களை எண்ணினால் பாதி வேலைதான் ஆகிறது, கடக்காமல் நின்றவர்களையும் எண்ணு. இல்லாவிட்டால் "நிறையப் பேர் விதியை மீறுகிறார்கள்" என்று எழுதுவாய். எத்தனைக்கு எத்தனை என்று கேட்டால் முழிப்பாய்.

கேரமுக்கு இரண்டாவது முறை. எங்கள் பக்கம் சந்துக்குச் சந்து ஒரு போர்டு கிடக்கும். 2024-இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கிய காசிமா எங்கள் புது வண்ணாரப்பேட்டைப் பெண் என்பது தெரிந்திருக்கும். போர்டைச் சுற்றி ஆடுபவர் நான்கு பேர் என்றால் நிற்பவர் பத்து பேர். மாணவர்கள் அந்தப் பத்துப் பேரையும் 'சும்மா நிற்பவர்' என்று ஒரே கட்டத்தில் கொட்டியிருந்தார்கள். மில்ட்ரெட் பார்ட்டன் 1932-இல் வெளியிட்ட ஆய்வைச் சொன்னேன். மழலையர் பள்ளிக் குழந்தைகளை ஒவ்வொருவராக ஒரு நிமிடம், ஒரு நிமிடமாகப் பார்த்து, விளையாட்டை ஆறு வகையாகப் பிரித்தவர். அவர் பட்டியலில் எதிலும் ஒட்டாமல் இருக்கும் குழந்தை வேறு, வேடிக்கை பார்க்கும் குழந்தை வேறு. வேடிக்கை பார்ப்பவர் பேச்சு எட்டும் தூரத்தில் நிற்பார், கண் அந்தக் கூட்டத்தின் மேலேயே இருக்கும், கேள்வி கேட்பார், யோசனைகூடச் சொல்வார். கேரம் போர்டு ஓரத்தில் நிற்கிற பையன் அச்சு அசல் இதுதான். வலது ஓரம் நின்ற ஒரு பொடியன், ஸ்ட்ரைக்கர் கோட்டில் உட்காரும் முன்பே எந்தக் காயின் போகும் என்று தாடையால் காட்டிக்கொண்டிருந்தான். பவுடர் தீர்ந்ததும் யாரும் சொல்லாமலே ஓடிப்போய் வாங்கிவந்தவனும் அவனே. அவனைப் போய்ச் 'சும்மா நிற்பவர்' என்றால்?

நேரத்தைத் துண்டு போடுவதில் ஒரு சூட்சுமம் உண்டு, அதை யாரும் சரியாகச் சொல்லித்தருவதில்லை. ஆல்பர்ட் பாண்டுரா 1961-இல் வெளியிட்ட பொம்மைச் சோதனையில் (பெரியவர் பொம்மையை அடிப்பதைப் பார்த்த குழந்தை தானும் அடிக்கிறதா என்று பார்த்தது) ஒவ்வொரு குழந்தையின் இருபது நிமிடத்தையும் ஐந்து ஐந்து நொடியாக வெட்டினார்கள். ஆளுக்கு 240 துண்டு. ஏன் அவ்வளவு பொடியாக? துண்டு பெரிதானால் பொய் பெரிதாகும். ஒரு நிமிடத் துண்டில் ஒருவர் ஒரே ஒரு நொடி கத்தினாலும் அந்தத் துண்டு 'கத்தினார்' கணக்கில் போகும். நிமிடத்துக்கு ஒரு கூப்பாடு போடும் மீன்காரம்மா பத்து நிமிடமும் கத்தியதாகத் தாளில் இருக்கும். உண்மையில் பத்து நொடி.

பிறகு, இரண்டு பேர் ஒரே காட்சியைத் தனித்தனியாகக் குறித்து ஒப்பிட வேண்டும். சதவீதம் போட்டால் எல்லோருக்கும் நல்ல மார்க் வரும், அதுதான் ஆபத்து. நூறு துண்டு என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் பத்துத் துண்டில் சண்டை என்கிறீர்கள், நானும் பத்தில் சண்டை என்கிறேன். இரண்டு பேருக்கும் ஒத்துப்போனது ஐந்து. இருவருமே இல்லை என்றது 85. ஆக, தொண்ணூறு சதவீதம் ஒத்துப்போகிறோம்; கைகுலுக்கிக்கொள்ளலாம். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு இருவரும் ஆளுக்குப் பத்துத் துண்டில் கோடு போட்டிருந்தாலே 82 சதவீதம் ஒத்துப்போயிருக்கும், ஏனென்றால் பெரும்பாலான நேரம் யாருமே சண்டை போடுவதில்லை. ஜேக்கப் கோஹன் 1960-இல் கொடுத்த கப்பா என்ற அளவு இந்தக் குருட்டு அதிர்ஷ்டத்தைக் கழித்துவிட்டுக் கணக்கிடும். தொண்ணூறிலிருந்து 82 போனால் எட்டு. நூறிலிருந்து 82 போனால் பதினெட்டு. எட்டைப் பதினெட்டால் வகுத்தால் 0.44. என் மேலாளரிடம் இந்த எண்ணைக் கொண்டுபோனால் திருப்பி அனுப்பிவிடுவார்.

ஆனால் கப்பா ஏறிவிட்டால் மட்டும் நிம்மதியா? தெருவுக்குப் புதியவர்கள் இருவரை நிறுத்தி, குரல் உயர்ந்தால் சண்டை என்று வரையறை கொடுத்தால், கப்பா அதன் உச்சமான ஒன்றைத் தொடும். இருவரும் கச்சிதமாக ஒத்துப்போய், கச்சிதமாகத் தவறாக இருப்பார்கள். நம்பகத்தன்மை (குறிப்பவர்கள் ஒத்துப்போவது) வேறு, ஏற்புடைமை (அளக்க நினைத்ததையே அளப்பது) வேறு என்று புத்தகத்தில் மனப்பாடம் செய்ததை, லாரிப் பக்கத்தில் நின்ற நானும் தள்ளி நின்ற மாணவியும் ஒரே வீடியோவைப் போட்டுப் பார்த்தபோதுதான் பிள்ளைகள் பிடித்துக்கொண்டார்கள். அதனால் குறிப்பவர்களில் ஒருவராவது அந்தத் தெரு ஆளாக இருக்கவேண்டும் என்பது என் பிடிவாதம். ஒருவர் வெளியாளாகவும் இருக்கவேண்டும். எங்களுக்கு மரத்துப்போன சிலது அவர்களுக்குத்தான் உறுத்தும்.

எதிர்பார்ப்பு என்று ஒன்று இருக்கிறதே, அது இன்னும் பொல்லாதது. ராபர்ட் ரோசந்தாலும் கெர்மிட் ஃபோடும் 1963-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே ரகத்து எலிகளை மாணவர்களிடம் கொடுத்து, சிலரிடம் "இவை புத்திசாலி வம்சம்" என்றும் சிலரிடம் "இவை மந்த வம்சம்" என்றும் சொன்னார்கள். புத்திசாலி என்று பேர் வைத்த எலிகள் புதிர்ப்பாதையில் மேலாக ஓடியதாகப் பதிவு வந்தது. எலிக்கு அந்தப் பேர் தெரியாது. கையாண்ட விதமோ, எண்ணிய விதமோ, எங்கோ பேர் உள்ளே புகுந்துவிட்டது. எங்கள் ஊருக்கும் பேர் வைத்து ரொம்ப நாளாகிறது. சினிமாவில் பீச்சாங்கத்தி எடுக்காத வடசென்னைக்காரனைத் தேடிப் பார்க்கவேண்டும். பஸ்ஸில் பேசின் பிரிட்ஜ் தாண்டும்போதே பையை மடிக்கு இழுத்துக்கொள்பவர், இறங்கி நோட்டைத் திறந்தால் என்ன எழுதுவார்? அந்த நோட்டை நான் அவர் குறையாகப் பார்ப்பதில்லை. நோக்கம் தெரியாதவரைக் குறிக்கச் சொல்வதும், இடத்தின் பேரே சொல்லாமல் வீடியோ கொடுப்பதும் அதற்குத்தான்.

பார்க்கப்படுகிறோம் என்று தெரிந்தால் மக்கள் மாறுவது பற்றி எல்லோரும் உடனே ஹாதார்ன் என்பார்கள். சிகாகோ பக்கத்தில் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக்கின் ஹாதார்ன் தொழிற்சாலையில் 1924-இல் தொடங்கிய விளக்குச் சோதனை. வெளிச்சத்தைக் கூட்டினாலும் உற்பத்தி ஏறியது, குறைத்தாலும் ஏறியது என்று கதை.  2011-இல் ஸ்டீவன் லெவிட்டும் ஜான் லிஸ்டும் அந்தப் பழைய விளக்குச் சோதனையின் தரவைத் தேடிப்பிடித்து மறுபடி கணக்குப் போட்டபோது, கதையில் சொல்லும் அளவுக்கு அங்கே ஒன்றும் இல்லை. வகுப்பில் இன்னும் பழைய கதைதான் ஓடுகிறது. என் அனுபவத்தில் மாற்றம் உண்டு, ஆனால் சீக்கிரம் சலித்துப்போகும். முதல் நாள் மார்க்கெட்டில் "இன்னாம்மா, டிவில வருமா? பவுடர் போட்டுனு வரவா?" என்று எல்லோரும் கேட்டார்கள். சில நாளில் "ஏய், தள்ளி நில்லு, ஐஸ் பொட்டி வருது" என்று விரட்டினார்கள். விரட்ட ஆரம்பித்த நாளிலிருந்துதான் தரவு நன்றாக இருக்கும்.

இதையெல்லாம் விட எனக்குப் பெரிதாகப் படுவது சுவர்.

பொது இடத்தில், ஆள் யார் என்று காட்டாமல், யாருக்கும் தீங்கு வராதபடி கவனிப்பதற்கு முன்ஒப்புதல் வாங்காமல் விடலாம் என்று அமெரிக்க உளவியல் சங்கத்தின் நெறிமுறையில் இடம் இருக்கிறது. பொது இடம் எது என்பதில் ஆய்வாளர்கள் அடித்த கூத்து கொஞ்சமல்ல. 1976-இல் மூன்று பேர், ஆண்கள் கழிப்பறையில் புத்தக அடுக்குக்குள் பெரிஸ்கோப்பை ஒளித்துவைத்து, பக்கத்தில் ஆள் நின்றால் சிறுநீர் வர எவ்வளவு தாமதமாகிறது என்று அளந்து, நல்ல பத்திரிகையிலேயே வெளியிட்டார்கள். அது எல்லோருக்கும் உறுத்துகிற உதாரணம். உறுத்தாத உதாரணம் எங்கள் குடியிருப்பின் தாழ்வாரம். வாரியத்துக் கட்டடத்தில் ஒரு அறையும் ஒரு சமையல் மூலையும் இருக்கும் வீட்டுக்கு, தாழ்வாரம்தான் ஹால். குழந்தைக்குச் சோறு ஊட்டுவது அங்கே, தலை பின்னுவது அங்கே, மாமியார் மருமகள் பேச்சு அங்கே, வேலை கிடைக்காத பையன் வெறித்துப் பார்ப்பதும் அங்கே. படியேறி வருகிற யாரும் பார்க்கலாம். அண்ணா நகரில் இதே மாமியாரும் மருமகளும் கதவைச் சாத்திக்கொண்டு ஏசியைப் போட்டுக்கொண்டு சண்டை போடுவார்கள். அந்தக் கதவைத் தட்ட ஆய்வாளருக்கு ஒப்புதல் படிவம், கையெழுத்து, நேரம் குறித்தல் எல்லாம் வேண்டும். எங்கள் தாழ்வாரத்துக்கு எதுவும் வேண்டாமாம், பொது இடமாம்!

ஆக, இயல்பான சூழலில் உற்றுநோக்கல் என்று சொல்லிக் குவிகிற பதிவுகளில் ஏழைகளின் சச்சரவுதான் மலையாகக் கிடக்கும். அவர்கள் அதிகம் சச்சரவு செய்வதால் என்று எப்படிச் சொல்வது? எங்களுக்குக் கதவுக்கு உள்ளே இடம் கிடையாது, அவ்வளவுதான்.

ரோஜர் பார்க்கர் இதற்குப் பக்கத்தில் வந்தவர். கன்சாஸ் மாநிலத்தில் ஒரு சின்ன ஊரில், 1949 ஏப்ரல் 26 அன்று, ஏழு வயதுப் பையன் ஒருவன் எழுந்ததிலிருந்து தூங்கும்வரை எட்டுப் பேர் முறைவைத்துப் பின்னாலேயே போய் எல்லாவற்றையும் எழுதினார்கள். புத்தகமாகவே வந்தது. அந்த ஊரில் பல வருடம் பிள்ளைகளைப் பார்த்த பிறகு பார்க்கர் சொன்னது: ஒரு பிள்ளை என்ன செய்வான் என்று ஊகிக்க, அவன் யார் என்பதைவிட அவன் எங்கே இருக்கிறான் என்று தெரிந்தால் போதும், வகுப்பில் வகுப்புக்குரியபடி, கடையில் கடைக்குரியபடி. குழாயடியில் குழாயடிக்குரியபடி என்று நான் சேர்த்துக்கொள்வேன்.

மேரி ஏன்ஸ்வொர்த்தையும் இந்த இடத்தில் நினைப்பேன். தாய் வெளியே போய்த் திரும்பும்போது குழந்தை என்ன செய்கிறது என்று மூன்று மூன்று நிமிடமாகப் பார்க்கும் அவருடைய ஆய்வகச் சோதனை எல்லாப் பாடத்திலும் இருக்கிறது. அதற்கு முன்பு 1950-களில் உகாண்டாவில் வீடு வீடாகப் போய் உட்கார்ந்து பார்த்தவர் அவர் என்பது பாதிப் பேருக்குத் தெரியாது. எங்கள் தாழ்வாரத்துக் குழந்தை பத்து மாதத்திலேயே ஆறு இடுப்பு மாறியிருக்கும். அம்மா கண்ணில் படாவிட்டால் அழாது. ஆயா, அதாவது பாட்டி, கண்ணில் படாவிட்டால் அழும். இந்த மாதிரி வீடியோவைப் பார்க்கும்போது கட்டங்களுக்கு வெளியே, ஓரத்தில், பென்சிலால் குறித்துவைக்கிறேன்.

எங்கள் படிவத்தில் இப்போது இரண்டு வரி கூடுதலாக இருக்கிறது. ஒன்று, கவனித்த இடத்துக்கும் அருகில் உள்ள மூடிய கதவுக்கும் எவ்வளவு தூரம். இரண்டு, அங்கிருப்பவர்களுக்கு உள்ளே போய்ப் பேச இடம் உண்டா இல்லையா. தாழ்வாரத்தில் நிற்பதானால், அது யார் வீட்டு ஹால் என்று கேட்டு அவர்கள் அனுமதியோடுதான் நிற்கவேண்டும் என்பதையும் எழுதிச் சேர்த்துவிட்டேன். துறையில் சிலர் முகம் சுளித்தார்கள், இப்படிக் கேட்டுக்கொண்டிருந்தால் இயல்பான சூழல் எங்கே மிஞ்சும் என்று. ஐஸ் பெட்டிக்காரர் விரட்டும்வரை காத்திருங்கள் என்றேன்.

அடுத்த குழுவுக்கான கால அட்டவணை போட்டுக்கொண்டிருக்கிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை, 61 நாள். அந்தச் சமயம் காசிமேட்டில் ஃபைபர் போட் சரக்கு மட்டும்தான் வரும், வலை பின்னுபவர்களும் படகுக்குப் பெயின்ட் அடிப்பவர்களும் இருப்பார்கள். மே மாதம் மட்டும் போய்ப் பார்த்தவர் காசிமேடு அமைதியான ஊர் என்று எழுதுவார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் போனவர் வேறு மாதிரி எழுதுவார். அதனால் மார்ச் கடைசியில் ஒரு வார நாள், ஒரு ஞாயிறு. மே நடுவில் அதே இரண்டு. ஜூன் இருபதுக்கு மேல் மறுபடி அதே இரண்டு. வீடியோ குறிக்க போரிஸ் என்ற இலவச மென்பொருள் போதும், இத்தாலியில் டுரின் பல்கலைக்கழகத்துக்காரர்கள் செய்தது, பழைய லேப்டாப்பிலும் ஓடும். பாதிப் பேரை அண்ணா நகரில் ஒரு அபார்ட்மென்டுக்கு அனுப்ப அனுமதி கேட்டிருக்கிறேன். அங்கே சங்கச் செயலாளர் கடிதம் கேட்கிறார், கல்லூரி முத்திரையோடு, மூன்று பிரதி.